கழுதைப்புலியைப் பார்த்தவர்கள்

சிங்கத்தின் முன்னால் ஒரு ஆள் இல்லை. யானைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களும் கழிப்பறைக்கு வழி தேடி வந்தவர்கள். மீதி மொத்தக் கூட்டமும் கழுதைப்புலிக் கூண்டின் முன்னால் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா வடிவு, கல்யாண வீடா இது?" என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டார் முதலாளி அருள்ராஜ் சார். "கேண்டீன்காரன் ஈ ஓட்டுதான். சிங்கம் கொட்டாவி விடுது. உன் ஆளுங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அதத்தான் சார் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அந்தக் கூண்டுல அப்படி என்ன அதிசயம் இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல சார். அது காலிக் கூண்டு."

அவர் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். ஒரு பாறை, ஒரு குகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு தலைக்கு மேலும் மனநிறைவுக் கோடு பச்சைப் பசேல் என்று உச்சியில் நின்றது.

"வெள்ளிக்கிழம ரிலீஸ். அதுக்குள்ள இந்தக் கூத்த நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வதற்கு அவருக்கு என்ன, வாய்தானே.

நாங்கள் செய்கிற விளையாட்டின் பெயர் 'நம்ம காடு'. ஆடுகிறவர் ஒரு விலங்கியல் பூங்காவை நடத்த வேண்டும். கூண்டு கட்டலாம், புலி வாங்கலாம், பாதை போடலாம், வேலைக்கு ஆள் வைக்கலாம். பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே எல்லோருக்கும் புலி செய்ய ஆசை. புலியின் ரோமம், புலியின் நடை, புலியின் உறுமல் என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். அந்தப் புலியைப் பார்க்க வருகிற மனிதனைச் செய்ய எவருக்கும் விருப்பமில்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. நானும் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்குப் புலியைவிட மனுசர்களைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

பழைய விளையாட்டுகளில் பார்வையாளர் என்றால் கால் முளைத்து நடக்கிற காசுப்பை. தலைக்கு மேலே நாலு கோடு: பசி, தாகம், ஒண்ணுக்கு, மனநிறைவு. விலங்கைப் பார்த்தால் மனநிறைவு ஏறும், குப்பையைப் பார்த்தால் இறங்கும். வாசலைத் தாண்டினால் அந்த ஆளை அழித்துவிடுவார்கள். மறுநாள் வேறொரு முகம், அதே நாலு கோடு. இது என்ன பிழைப்பு? அதனால் நான் ஆளுக்கொரு சின்ன மூளை கொடுத்தேன். என் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள், நேற்று பார்த்ததை நினைவில் வைத்திருப்பார்கள், மறுபடி வருவார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். எப்படிப் பேசுவது, எப்படி நடப்பது என்பதை நிஜ மனிதர்களிடம் கற்றுக்கொண்டார்கள். என் அக்கா கோமதி நெடும்பாறை விலங்கியல் பூங்காவில் கால்நடை மருத்துவர். அவளைப் பிடித்து, அங்கே கேமராவும் மைக்கும் வைக்க அனுமதி வாங்கினேன். டிக்கெட்டின் பின்பக்கத்தில் அதைப் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தோம். ஒருத்தர்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை என்பது என் மனதை இன்றைக்கும் கொஞ்சம் உறுத்துகிறது.

ஆனால் அந்தப் பதிவுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு சாப்பாடே வேண்டாம் என்று இருந்தது. விலங்கை நம் ஆட்கள் அதிக நேரம் பார்ப்பதே இல்லை. ஒரு பார்வை, உடனே அது யார் ஜாடை என்ற ஆராய்ச்சி. "ஏ, உங்க பெரியப்பா மாதிரியே இருக்கு பாரு" என்று குரங்கைக் காட்டிச் சொல்லாத குடும்பம் கிடையாது. பெயர்ப்பலகையைச் சத்தமாக வாசிக்க ஒரு ஆள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். சிங்கத்தைப் பார்த்து விசிலடிக்கவும் ஒருத்தன் இருப்பான். அப்புறம் சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் எவர் என்று தெரியாவிட்டாலும், "சாப்பிடுதீயளா?" என்று கேட்காமல் ஒருத்தரும் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார்கள். அதை அப்படியே விளையாட்டில் வைத்தேன். கேட்கப்பட்டவருக்கு மனநிறைவு கொஞ்சம் ஏறும், கேட்டவருக்கு அதைவிடக் கூடுதலாக ஏறும்.

"இப்படி எல்லாரும் வீட்டுல இருந்து கட்டிக்கிட்டு வந்தா கேண்டீன்ல எவன் வாங்குவான்?" என்று அருள்ராஜ் சார் அன்றைக்கே குதித்தார்.

"நீங்க ரயில்ல போனதே இல்லையா சார்?" என்று கேட்டேன்.

கூண்டு ஏன் காலி என்று சொல்ல வேண்டும். அதற்கும் அக்காதான் காரணம்.

நெடும்பாறையில் நிஜமாகவே ஒரு கழுதைப்புலி உண்டு. பெயர் செல்லி. குட்டியாக இருக்கும்போது கண்ணியில் கால் மாட்டிக் கிடந்தவளை ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இனிமேல் காட்டில் விட முடியாது. அவள் இரவில் நடமாடுகிற பிறவி, கூச்சம் அதிகம். பகலெல்லாம் குகைக்குள் படுத்திருப்பவளை வெளியே வரவைக்க ஜனங்கள் கத்துவார்கள், தகரத்தைத் தட்டுவார்கள், தண்ணீர் பாட்டிலை வீசுவார்கள். கொஞ்ச நாளாக அவள் கூண்டுக்குள் வட்டமாக நடக்க ஆரம்பித்திருந்தாள். நிற்பதே இல்லை. அவள் நடந்து நடந்து மண்ணில் பள்ளமே விழுந்துவிட்டது. வாலைத் தானே கடித்து ரோமத்தையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

"ஏட்டி, அவள இப்படியே விட்டா அடுத்த மழைக்கு இருக்க மாட்டா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள் அக்கா. மாடு மிதித்துக் கால் உடைந்தபோதுகூட அழாதவள் அவள். "மலைக்குப் பின்னால பெருசா ஒரு தோட்டம் ரெடி பண்ணி வச்சிருக்கேன். புதரு இருக்கு, வளை இருக்கு, ஆள் நடமாட்டமே கெடையாது. அங்க விட்டா பொழச்சுக்குவா. டைரக்டர் கையெழுத்துப் போட மாட்டேங்காரு."

"ஏன், அவருக்கு என்னவாம்?"

"கூண்டு காலியா இருந்தா ஜனங்க சண்டைக்கு வருவாங்கங்காரு. போன வருசம் புலிக்குக் காய்ச்சல்னு உள்ள வச்சிருந்தோம்லா, டிக்கெட் கவுண்டர் கண்ணாடிய ஒடச்சுட்டானுவ. அவர் பயப்படுதது தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு சொன்னாரு. உங்க தங்கச்சி விளையாட்டுல நம்ம பூங்காதான இருக்கு, அதுல கூண்டக் காலி பண்ணிக் காட்டச் சொல்லுங்க, ஜனங்க பொறுத்துக்கிட்டா நான் கையெழுத்துப் போடுறேன்னாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் பொம்மைங்ககிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுட்டி."

"பொம்மைங்கன்னு சொல்லாத" என்றேன். ஆனால் கேட்டுச் சொல்வதாக ஒத்துக்கொண்டேன்.

மறுநாளே விளையாட்டில் செல்லியை எடுத்துவிட்டுக் கூண்டை மட்டும் விட்டுவைத்தேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கல்யாண வீடு.

என்னோடு வேலை பார்க்கிற ரஹ்மத் மேலப்பாளையத்துப் பெண். விளையாட்டை நாள் முழுக்க ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. என் ஆட்களில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்தவளே அவள்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து, கூண்டு காலியான முதல் நாளிலிருந்து ஓட்டிப் பார்த்தோம்.

"இந்தா, இவளப் பாரு" என்று ரஹ்மத் ஒரு பச்சைச் சேலைக்காரியைக் காட்டினாள். "உலகம்மை. இவளுக்கு என்னமோ ஆயிருக்கு."

ஆகியிருந்தது, என்னால்தான். உலகம்மை ஒரு வேனில் குடும்பத்தோடு வந்தவள். சாயங்காலம் வேன் நிறைந்ததும் கிளம்பிவிடும் என்று நான் எழுதியிருந்தேன். யார் ஏறியிருக்கிறார்கள் என்று அது பார்க்காது. வேறு எவனோ இடம் பிடித்துவிட்டான், வேன் இவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. தனியாக நின்ற உலகம்மையின் மனநிறைவுக் கோடு சிவப்பாகிக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. சிங்கத்திடம் போனாள். மானிடம் போனாள். எல்லோரும் அவரவர் கூட்டத்தோடு நின்றார்கள், இவளிடம் பேச ஆளில்லை. கடைசியில் யாருமே இல்லாத கழுதைப்புலிக் கூண்டின் கம்பியில் சாய்ந்து நின்றாள்.

அந்தப் பக்கம் ஒரு புருசனும் பெண்டாட்டியும் வந்தார்கள். "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். அவர்கள் பேசுவது தலைக்கு மேலே எழுத்தாக ஓடும்.

உலகம்மை சொன்னாள்: "கழுதைப்புலி. இப்பதான் உள்ள போச்சு."

"அடிப் பாவி!" என்று ரஹ்மத் கையைத் தட்டினாள்.

அந்த இரண்டு பேரும் நின்றார்கள். எப்படி இருந்தது, எவ்வளவு பெரிசு என்று கேட்டார்கள். உலகம்மை சொல்லச் சொல்ல அவள் கோடு ஏறியது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள், "சாப்பிடுதீயளா?" என்று கேட்டார்கள். உலகம்மையின் கோடு பச்சையாகிவிட்டது. மறுநாள் அந்தப் புருசனும் பெண்டாட்டியும் அக்கம்பக்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "நாங்க நேத்துப் பாத்தோம், வாலு எவ்வளவு பெருசுங்கீய!" என்றார்கள். அதற்கு அடுத்த நாள் கழுதைப்புலி குட்டி போட்டிருந்தது. அதற்குப் பிறகு ஜமுக்காளத்தோடு வர ஆரம்பித்தார்கள்.

"நான் பொய் சொல்லச் சொல்லிக் குடுக்கலடி" என்றேன். "சத்தியமா குடுக்கல."

"நீ குடுக்கல. நெடும்பாறைல கத்துக்கிட்டு வந்துருக்காவ" என்றாள் ரஹ்மத். "அங்க பதிவுல எவனாவது 'நான் பாக்கல'ன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? காசு குடுத்து, வெயில்ல நின்னு, பாக்காமப் போனேன்னு ஒத்துக்கிட ஒரு ஆளு நம்ம ஜில்லாவுல இருக்கா?"

சரி, விலங்கையே வைத்துப் பார்ப்போம் என்று விளையாட்டில் செல்லியைத் திரும்பக் கூண்டுக்குள் விட்டேன். கூட்டம் எழுந்து பார்த்தது. "அட, இவ்வளவுதானா?" என்று ஒருவர் சொன்னார். "நாய் மாதிரில்லா இருக்கு" என்றார் இன்னொருவர். ஜமுக்காளத்தை உதறி மடித்துக்கொண்டு சிங்கத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். உலகம்மை மட்டும் நின்றாள். அவள் கோடு மஞ்சளாகி, மறுபடி சிவப்பாகிக் கீழே இறங்கியது. எனக்குத் தாங்கவில்லை. உடனே செல்லியை எடுத்துவிட்டேன்.

"நம்ம ரெண்டு பேருக்கும் பைத்தியம்தான் புடிச்சிருக்கு" என்றாள் ரஹ்மத். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இப்போது என் பாடு திண்டாட்டம். முதலாளி சொன்னபடி பொய்யைத் துடைத்தெடுத்தால் காலிக் கூண்டு வெறுங்கூண்டாகிவிடும், ஜனங்கள் முணுமுணுப்பார்கள், டைரக்டர் கையெழுத்துப் போட மாட்டார், செல்லி வட்டமாக நடந்தே செத்துப்போவாள். துடைக்காமல் விட்டால் நான் காட்டப்போவது பொய் மேல் கட்டிய கூட்டத்தை. எதைச் செய்தாலும் யாரையோ ஏமாற்றுகிற மாதிரி இருந்தது. கடைசியில், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கணினியைத் தூக்கிக்கொண்டு நெடும்பாறைக்குப் போனேன்.

டைரக்டர் சேதுராமன் சார் தஞ்சாவூர்ப் பக்கம். அதிர்ந்து பேசமாட்டார். உலகம்மை பொய் சொன்னதிலிருந்து குட்டி போட்டது வரைக்கும் எல்லாவற்றையும் திரையில் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இதுக்கு நான் ஜனங்கள ஏமாத்தணும், இல்லையா? உள்ளே இருக்குன்னு போர்டு வைக்கணும்."

"பொய் எழுத வேண்டாம் சார்" என்றாள் அக்கா. "கழுதைப்புலி இரவில் நடமாடும், பகலில் காண்பது அரிதுன்னு எழுதுவோம். அவ்வளவும் உண்மைதான?"

"காண்பது அரிதுன்னா கொஞ்சமாவது காணணுமேம்மா."

ஜன்னல் வழியாகச் செல்லி தெரிந்தாள். அந்த மத்தியான வெயிலிலும் சுற்றிக்கொண்டிருந்தாள். யாரோ கம்பியில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. சேதுராமன் சார் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"சரி, கொண்டுபோங்க. காணும் பொங்கல் வரைக்கும் பாப்போம். அன்னைக்குத்தான் நமக்கு மொத்தக் கூட்டமும் வரும். அன்னைக்கு ஒரு சத்தம், ஒரு புகார் வந்தாலும் சாயந்தரமே அவ கூண்டுக்குத் திரும்பிடணும். அதுக்கு மேல என்னால முடியாது."

செல்லி தோட்டத்துக்குப் போனாள். முதல் வாரம் அங்கேயும் வட்டமாகத்தான் நடந்தாளாம். அப்புறம் ஒரு நாள் நேராக நடந்தாள் என்று அக்கா போன் பண்ணினாள். "நேரா நடந்தாட்டி, நேரா!" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்து சீட்டு ரஹ்மத்துக்கே கேட்டிருக்கும்.

ரிலீசுக்கு முன்பே அருள்ராஜ் சாரிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். நிஜப் பூங்காவே நம் விளையாட்டைப் பார்த்து முடிவெடுக்கிறதா என்று அவர் முகம் மலர்ந்தது. காலிக் கூண்டை ஒரு புது வசதியாகவே விளையாட்டில் விட்டுவிடு என்றார். ரிலீஸ் ஆனதும் எங்கிருந்தோ ஒரு தனியார் பூங்காக்காரர் போன் பண்ணினார். "அப்ப விலங்கே வாங்க வேண்டாமா சார்? கூண்டு மட்டும் கட்டினாப் போதுமா?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அருள்ராஜ் சார் சிரியோ சிரி என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க செல்லி போறதுக்கு ஒரு தோட்டம் இருந்துச்சு சார். இவன் சும்மா காத்தக் காட்டிக் காசு வாங்கப் பாக்கான்."

"வாங்கட்டுமே. ஒரு புலியாவது கூண்டுக்கு வராமத் தப்பிக்கும்லா?" என்றாள் ரஹ்மத், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காணும் பொங்கல் அன்று காலையில் முதல் பஸ்ஸிலேயே நெடும்பாறைக்குப் போய்விட்டேன். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். வேன், லோடு ஆட்டோ, டிராக்டர் என்று எதில் ஏற முடியுமோ அதில் ஏறி வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் தூக்குவாளி. அக்கா டைரக்டர் அறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். புகார் வந்தால் அங்கேதான் வரும்.

"நீ அங்க போய் நில்லு. யாராவது சத்தம் போட்டா எனக்குப் போன் அடி" என்று என்னைக் கூண்டுப் பக்கம் விரட்டினாள்.

போய்ப் பார்த்தால் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஜமுக்காளம், கோரைப்பாய், பழைய பேனர் துணி என்று விரித்து வேப்பமர நிழல் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கம்பியோரம் நின்று குகையையே பார்த்துக்கொண்டிருந்தன. கம்பிக்குப் பக்கத்தில் என் வயசுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடடா, இப்பதான் உள்ள போச்சு அக்கா. செத்த முன்னால வந்திருந்தா பாத்திருப்பீய."

நான் எழுதாத உலகம்மை ஒருத்தி கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்படியா? பெருசா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஏன் கேக்கீய, வாலே இந்தத் தண்டி இருக்கும், என் கை நீளத்துக்கு. உக்காருங்க. புளிச்சோறும் தேங்காத் துவையலும்தான். சாப்பிடுதீயளா?"

உட்கார்ந்தேன். பெயர் முப்பிடாதி என்றாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை, நாள் முழுக்க நின்றபடி. அம்மா போன பிறகு வீட்டில் இவள் மட்டும்தான், வாராவாரம் லீவு நாளில் இங்கே வந்துவிடுவாளாம். சொல்லிக்கொண்டே வாழையிலையில் புளிச்சோறு வைத்து நீட்டினாள். அருமையாக இருந்தது. சாப்பிட்ட வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஆமா, நான் வரும்போதே அந்தக் குகை ஓரமா வாலு தெரிஞ்சுது" என்று அளந்துவிட்டேன்.

முப்பிடாதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஊருக்குப் புதுசா அக்கா நீங்க? அதத்தான் மலைக்குப் பின்னால தோட்டத்துக்கு மாத்திட்டாவளே. உடம்புக்கு முடியாமக் கெடந்துச்சு பாவம். டாக்டரம்மா அழுது அழுது மாத்திச்சு. லாரில ஏத்தும்போது நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

"அப்ப... இங்க இருக்கவங்களுக்கெல்லாம்?"

"தெரியும், பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. நெடும்பாறைல ரகசியம்னு ஒண்ணு நிக்குமா? இங்க தீனி போடுத ஆளுக்குப் பெண்டாட்டி எங்க கடைலதான வேல பாக்கு."

"பொறவு ஏன்..." என்று இழுத்தேன்.

"பொறவு என்ன? சிங்கத்துக்கிட்ட உக்கார முடியுதா? பாத்தாச்சுல்லா, நகரு நகருன்னு வாட்ச்மேன் விரட்டுவான். இங்க இன்னும் பாக்கலியே, எப்படி விரட்டுவான்?" இன்னொரு பிடி சோற்றை என் இலையில் வைத்தாள். "நல்ல நெழலு. பேச ஆளு இருக்கு. சாப்பிடுங்க அக்கா."

நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் பாதையில் சேதுராமன் சார் வருவது தெரிந்தது. அவருக்குப் பின்னால் வெளிறிய முகத்தோடு அக்கா. புகார் வரட்டும் என்று அறையில் உட்கார்ந்திருக்க அவருக்கு மனசில்லை போலிருக்கிறது, தானே கேட்டுவிடலாம் என்று வந்துவிட்டார். கூட்டத்தின் நடுவில் நின்று கனைத்தார்.

"நான் இந்தப் பூங்காவோட டைரக்டர். ஒரு விஷயம் கேக்கணும். இங்க கழுதைப்புலிய யாராவது பாத்தீங்களா?"

சோறு பிசைந்த கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள், அப்புறம் அவருக்குப் பின்னால் நின்ற டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். ஒரே ஒருத்தர் உண்மையைச் சொன்னால் போதும், சாயங்காலம் செல்லி கூண்டுக்குள் வந்துவிடுவாள்.

முப்பிடாதி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"பாத்தோமே சார். இப்பதான் உள்ள போச்சு."

"ஆமா, தண்ணி குடிச்சிட்டுப் போச்சு" என்றார் பேனர் துணியில் உட்கார்ந்திருந்த டிராக்டர்க்காரர்.

"குட்டி வேற போட்டிருக்கு போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரெண்டு குட்டி!" என்றது இன்னொன்று.

"முன்ன மாதிரி இல்ல சார். வாலுல முடியெல்லாம் நல்லா வளந்திருச்சு" என்றாள் ஒரு நடுவயசுக்காரி, நேராக அக்காவைப் பார்த்து. அக்கா சட்டென்று திரும்பி வேப்பமரத்தைப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

சேதுராமன் சார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உதட்டை எவ்வளவு இறுக்கினாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"சரி. அப்ப அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

"நீங்க சாப்பிட்டாச்சா சார்?" என்று டிராக்டர்க்காரர் நகர்ந்து இடம் விட்டார். டைரக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

நான் கொஞ்சம் தள்ளிப் போய் ரஹ்மத்துக்குப் போன் பண்ணினேன். லீவு நாளில் கூப்பிட்டதற்கு முதலில் என்னைத் திட்டித் தீர்த்தாள். என் ஆட்கள் பேசுவதைத்தான் நாங்கள் படித்திருந்தோம், ஒருத்தருடைய நினைவையும் திறந்து பார்த்ததில்லை. அது பெரிய வேலை, எதற்கு என்று விட்டுவிட்டோம். "உலகம்மையோட நினைவ மட்டும் தொறந்து பாரு. அந்தக் கூண்டப் பத்தி என்ன வச்சிருக்கான்னு சொல்லு" என்றேன்.

சோற்று இலையைச் சுருட்டிப் போட்டுவிட்டு வருவதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி வடிவு." குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "காலின்னுதான் வச்சிருக்கா, மொத நாள்ல இருந்தே."

"அது சரி, பொய் சொன்னவளுக்குத் தெரியாம இருக்குமா? மத்தவங்களுக்கு?"

"பாத்துட்டேன். அந்தப் புருசன் பெண்டாட்டிக்கும் தெரிஞ்சிருக்கு. ஜமுக்காளம் கொண்டு வந்தவங்க, குட்டி போட்டிருக்குன்னு சொன்னவங்க, தொறந்து பாத்த அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரியாம இருந்தது நம்ம ரெண்டு பேருக்குத்தான்." கொஞ்சம் நிறுத்தி, "ஏட்டி, அவளத் தனியா விடக் கூடாதுன்னுதான் உக்காந்தாவளா?" என்று கேட்டாள்.

"பொறவு பேசுதேன்" என்றேன். போனைப் பையில் போட்டேன். வேப்பமரத்தடியில் டைரக்டர் யாருடைய துவையலையோ தொட்டுக்கொண்டு எதையோ கதையளந்துகொண்டிருந்தார். அக்கா மூக்கு சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி ஜமுக்காளத்தில் எனக்கு வைத்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன்.

அந்நேரம் வெயிலில் வாடிப்போன ஒரு குடும்பம் வந்து கம்பிக்கு முன்னால் நின்றது. புருசன் குகையை எட்டி எட்டிப் பார்த்தார். பெண்டாட்டி இடுப்புப் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள என்னக்கா இருக்கு?"

"கழுதைப்புலி. இப்பதான் உள்ள போச்சு" என்றேன், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு. "உக்காரு தாயி. சாப்பிடுதியா?"